பனிக்கண்டத்தில் பாரதம் அமைத்த வீடுகள்

உலகப் படத்தை விரித்து நோக்கினால், அதன் அடிவிளிம்பில் வெண்ணிறமாக நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்பைக் காணலாம். அதுவே அண்டார்க்டிக்கா என்னும் தென்துருவக் கண்டம். பள்ளிப் பிள்ளைகள் அதன் பெயரை மனப்பாடம் செய்வதோடு சரி. அங்கே ஊரில்லை, உழவில்லை, அரசில்லை. ஆகவே அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் அந்தப் பனிநிலம் யாருக்குரியது, அங்கே செல்வந்த நாடுகள் மட்டுமே காலூன்றலாமா என்னும் வினாக்களை எழுப்பிய நாடுகளுள் இந்தியாவும் மலேசியாவும் முன்வரிசையில் நின்றவை. அவ்விரு நாடுகளும் பின்னர் வெவ்வேறு வழியில் அக்கண்டத்தை அடைந்தன. இந்தியா அங்கே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நிலையங்களை அமைத்தது. அவற்றுள் ஒன்றைப் பனியே விழுங்கிவிட்டது. அந்த வரலாற்றையே இங்கு விரித்துரைக்கிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். அண்டார்க்டிக்காவின் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுரக் கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போல் நாற்பது நாடுகளை அதனுள் அடக்கிவிடலாம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விழுக்காடு பனிக்கட்டியால் மூடப்பட்டுள்ளது. அப்பனியின் சராசரிக் கனம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். 1983-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அங்குள்ள வோஸ்டோக் என்னும் சோவியத் நிலையத்தில் சுழியத்துக்குக் கீழ் 89.2 பாகை செல்சியஸ் குளிர் பதிவாயிற்று. இத்தனை நீரைப் பனியாகச் சேர்த்து வைத்துள்ள அக்கண்டத்தின் உட்பகுதியில் மழையோ பனிப்பொழிவோ மிகக் குறைவு என்பதும், அது பாலைவனமாகவே கணிக்கப்படுகிறது என்பதும் வியப்புக்குரியவை.

உரிமை யாருக்கு?

ஆர்ஜெண்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன் ஆகிய ஏழு நாடுகள் அக்கண்டத்தைப் பங்கு போட்டு, இது எனது, அது உனது என்று படத்தில் கோடு கிழித்து வைத்திருந்தன. சில பங்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் இருந்தன. அந்நிலையில், 1956-ஆம் ஆண்டு, இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் அண்டார்க்டிக்காவைப் பற்றிய வினாவை எழுப்ப முற்பட்டது. அக்கண்டம் உலகின் பொதுநலத்துக்கும் அமைதிக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்பது அதன் கருத்து. அங்கே உரிமை கொண்டாடிய நாடுகள் இதை விரும்பவில்லை. இந்தியா தன் கோரிக்கையை மீட்டுக்கொண்டது. 1958-இல் மீண்டும் முயன்றது. மீண்டும் கைவிட நேர்ந்தது.

1957, 1958-ஆம் ஆண்டுகளில் உலக விஞ்ஞானிகள் கூடிப் புவியியற்பியல் ஆண்டைக் கொண்டாடினர். அப்போது தென்துருவத்தில் ஆராய்ச்சி நடத்திய பன்னிரண்டு நாடுகள் 1959-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. 1961-இல் நடைமுறைக்கு வந்த அவ்வொப்பந்தத்தின்படி, அங்கே படைத்தளம் அமைக்கலாகாது, அணுகுண்டைச் சோதிக்கலாகாது, ஆராய்ச்சி முடிவுகளை யாவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பழைய உரிமைக் கோரிக்கைகள் ஏற்கப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை. அப்படியே உறைய வைக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனுள் ஒரு நுணுக்கம் இருந்தது. உடன்படிக்கையில் எந்த நாடும் சேரலாம். எனினும் முடிவெடுக்கும் கூட்டத்தில் வாக்குரிமை வேண்டுமாயின், அந்நாடு அங்கே நிலையம் அமைத்தோ ஆராய்ச்சிக் குழுவை அனுப்பியோ தன் அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஏழை நாடுகள் வாசற்படியோடு நிற்க வேண்டியதாயிற்று.

பிறர் நிழலில் சென்றவர்கள்

இந்தியர் அங்கே முதலில் பிறர் குழுக்களோடு சேர்ந்தே சென்றனர். கிரிராஜ் சிரோஹி என்னும் தாவர அறிஞர் 1960-ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் குழுவுடன் சென்றார். உயிர்களின் உடலில் இயங்கும் நாட்கடிகாரம், பூமி சுழல்வதால் இயங்குகிறதா அல்லது தன்னுள்ளேயே இயங்குகிறதா என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். விடியலுக்கு முன் மணியோசை கேளாமலே எழுந்து வெட்டுக்குப் புறப்படும் நம் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கடிகாரத்தைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை! பூமியின் அச்சு வெளிப்படும் தென்துருவத்திலேயே சுழல்மேடைகளை வைத்து, செடிகளையும் சிற்றுயிர்களையும் அவற்றின்மேல் ஏற்றிப் பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுழற்றிப் பார்த்தனர். கடிகாரம் நிற்கவில்லை. சிரோஹியின் பெயர் அங்கே ஒரு நிலமுனைக்குச் சூட்டப்பட்டுள்ளது.

அடுத்து, பரம்ஜித் சிங் சேரா என்னும் இளம் விஞ்ஞானி 1971 முதல் 1973 வரை சோவியத் குழுவுடன் தங்கி, தென்துருவக் குளிர்காலத்தைக் கழித்த முதல் இந்தியர் என்னும் பெயரைப் பெற்றார்.

கோவாவிலிருந்து புறப்பட்ட கப்பல்

1981-ஆம் ஆண்டு ஜூலையில், பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சியில், கடல் வளர்ச்சித் துறை என்னும் புதிய துறை உருவாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள், நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்ட ‘போலார் சர்க்கிள்’ என்னும் கப்பல் கோவாவிலிருந்து புறப்பட்டது. அதில் இருந்தவர் 21 பேர். தலைவர் டாக்டர் சையத் ஜாகூர் காசிம் என்னும் கடலறிஞர். பயணத்தைப் பற்றி முன்கூட்டியே பறைசாற்றவில்லை. குழு கரையிறங்கிய பின்னரே உலகம் பரவலாக அறிந்தது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல்வழியைக் கடந்து, 1982 ஜனவரி 9-ஆம் நாள் அவர்கள் பனிக்கண்டத்தில் காலடி வைத்தனர். தங்கியது சில நாள்களே. ஆளில்லா வானிலைக் கருவியொன்றை நிறுவிவிட்டு, பிப்ரவரி 21-ஆம் நாள் கோவா திரும்பினர். அந்த 21 பேரின் பெயர் பொறித்த பலகை இன்று உடன்படிக்கை நாடுகள் பாதுகாக்கும் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக உள்ளது.

பசியும் வேலையின்மையும் மிகுந்த நாட்டுக்குப் பனியில் என்ன வேலை என்று கேட்டோரும் உண்டு. அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் இரண்டு குழுக்களை அனுப்பிய பின், 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. அடுத்த மாதமே, செப்டம்பர் 12-ஆம் நாள், வாக்குரிமையும் பெற்றது. இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் வெளியே நின்று கதவைத் தட்டிய நாடு, உள்ளே நாற்காலியில் அமர்ந்தது.

பனியுள் மறைந்த வீடு

1983 டிசம்பரில் மூன்றாம் குழு புறப்பட்டது. தலைவர் டாக்டர் ஹர்ஷ் குப்தா. பின்லாந்துக் கப்பலான ‘பின்போலாரிஸ்’ 81 பேரை ஏற்றிச் சென்றது. நிலவியல் அறிஞர் சுதீப்தா சென்குப்தா, கடலறிஞர் அதிதி பந்த் என்னும் இரு பெண்மணிகளும் அக்குழுவில் இருந்தனர். இந்திய ஆராய்ச்சிக் குழுவோடு அண்டார்க்டிக்கா சென்ற முதல் பெண்கள் இவர்களே.

அக்குழுவின் முதன்மைப் பணி நிரந்தர நிலையம் ஒன்றைக் கட்டுவது. கோடைக்காலம் குறுகியது, கடல் மீண்டும் உறைவதற்குள் கப்பல் திரும்பிவிட வேண்டும். முன்கூட்டியே ஆயத்தம் செய்த பகுதிகளைக் கொண்டு சென்று, ராணுவப் பொறியாளர்கள் ஏறத்தாழ எட்டு வாரங்களில் கட்டடத்தை எழுப்பினர். கங்கை பிறக்கும் இடமான கங்கோத்ரியை நினைந்து, ‘தட்சிண கங்கோத்ரி’, அதாவது தென்கங்கோத்ரி, என்று பெயரிட்டனர். கப்பல் திரும்பியபோது 12 பேர் அங்கேயே தங்கினர். அடுத்த கோடை வரும்வரை அவர்களிடம் செல்லக் கப்பலும் இல்லை, வழியும் இல்லை.

நிலையம் அமைந்த இடம் பாறையன்று. கடலின்மேல் மிதக்கும் பனித்தட்டு. அங்கேதான் இடர் தொடங்கியது. பனிக்கண்டத்தில் காற்று வீசும்போது தரையிலுள்ள பனித்தூளை வாரிக்கொண்டு ஓடும். வழியில் ஒரு சுவர் தென்பட்டால், அதன் மறைவில் காற்றின் வேகம் குறைய, தூள் அங்கே படியும். நம் நாட்டு வெள்ளத்தில் ஒரு கட்டை குறுக்கே கிடந்தால் அதன் பின்னால் மணல் குவிவதை ஒத்தது இது. ஆனால் மணல் அடுத்த வெள்ளத்தில் கரையும். அந்தப் பனி உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு குவியல் உயர்ந்தது; கட்டடத்தின் சுமையும் அதை அழுத்தியது. சுவர் மறைந்தது, பின்னர் கூரையும் மறைந்தது. இறுதியில் மேலிருந்தே உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. 1990 பிப்ரவரியில் அந்நிலையம் கைவிடப்பட்டது. சில காலம் அவ்விடம் பொருள் சேமிக்கும் தளமாகப் பயன்பட்டது.

இதைத் தோல்வி என்று சிலர் எழுதினர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பனித்தட்டின்மீது கட்டிய பிற நாட்டு நிலையங்கள் பலவும் இவ்வாறே புதைந்தன. அந்த வீட்டில் ஆறு குளிர்காலங்களைக் கழித்தவர்கள் கற்ற பாடமே அடுத்த வீட்டுக்கு அடித்தளமாயிற்று.

பாறைமேல் மைத்திரி

கடற்கரைப் பனித்தட்டிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே, ஷிர்மாக்கர் சோலை என்றொரு பகுதி உண்டு. சோலை என்றதும் மரம் செடி இருக்கும் என்று எண்ணற்க. பனி மூடாத வெறும் பாறைக் குன்றுகளே அவை. இடையிடையே நன்னீர் ஏரிகள். பனிப்பாலைவனத்தில் அதுவே சோலை. அங்கே 1989-இல் ‘மைத்திரி’ எழுந்தது. மைத்திரி என்றால் நட்பு. அடுத்து ஐந்து கிலோமீட்டர் அளவில் நோவோலாசரெவ்ஸ்கயா என்னும் ரஷ்ய நிலையம் உள்ளது. அந்தத் தனிமையில் அண்டை வீட்டாரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

இம்முறை கட்டடத்தை எஃகுக் கால்களின்மேல் உயர்த்திக் கட்டினர். மலாய்க் கம்பங்களில் தூண்களின்மேல் நிற்கும் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அங்கே தூண்கள் வெள்ளத்துக்கும் ஈரத்துக்கும் தப்புவதற்கு. மைத்திரியின் கால்களோ, காற்று அடியில் தடையின்றிப் புகுந்து பனித்தூளை அடித்துச் செல்வதற்கு. குடிநீர் அருகிலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து வருகிறது. நீர் குழாயிலேயே உறைந்துவிடாதபடி குழாயைச் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர்காலத்தில் ஏறத்தாழ 25 பேர் தங்குவர். விஞ்ஞானிகள் மட்டுமல்லர்; மருத்துவர், சமையற்காரர், மின்னாக்கியைக் கவனிக்கும் இயந்திரப் பணியாளர், வண்டியோட்டுபவர், செய்தித் தொடர்பாளர் ஆகியோரும் உண்டு. மின்னாக்கி நின்றால் ஆராய்ச்சியும் நிற்கும், உயிரும் நிற்கும் என்பதால், அங்கே விஞ்ஞானிக்கும் இயந்திரத் தொழிலாளிக்கும் மதிப்பில் வேற்றுமை காண இயலாது.

மே மாத இறுதியில் மறையும் கதிரவன் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தலைகாட்டுவதில்லை. அந்நெடிய இரவின் நடுநாளான ஜூன் 21-ஐ எல்லா நாட்டு நிலையங்களும் விழாவாகக் கொண்டாடுகின்றன; ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்புகின்றன. குளிரைவிட அவர்கள் அஞ்சுவது நெருப்பையே. காற்று மிக உலர்ந்தது. அணைக்கப் போதிய நீர் இல்லை. வீடு எரிந்தால் வேறு வீடு இல்லை.

உயிரிழப்பும் நேர்ந்தது. 1990 ஜனவரி 8-ஆம் நாள், ஹம்போல்ட் மலைத்தொடரில் பாசறை அமைத்துத் தங்கியிருந்த ஒன்பதாம் குழுவினர் நால்வர் ஒரு விபத்தில் மாண்டனர். மூவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர். ஒருவர் கடற்படையின் செய்தித் தொடர்புப் பணியாளர். அவ்விடம் இந்தியா முனை எனப்படுகிறது. அங்கும் ஒரு நினைவுப் பலகை நிற்கிறது.

அங்கே தேடுவது என்ன?

பெரும்பாலோர் பொன்னும் எண்ணெயும் என்றே எண்ணுகின்றனர். உண்மை வேறு. மைத்திரியில் வானிலைத் துறையினர் பலூன்களில் கருவிகளைக் கட்டி வானில் விட்டு, ஓசோன் படலத்தை அளக்கின்றனர். கதிரவனின் கொடிய புறஊதாக்கதிரைத் தடுக்கும் அப்படலம் தென்துருவத்துக்கு மேல் ஆண்டுதோறும் மெலிவதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1985-இல் வெளியிட்டனர். குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சில வாயுக்களே அதற்குக் காரணம் என்று தெளிந்து, உலக நாடுகள் 1987-இல் மொன்ட்ரியலில் கூடி அவற்றைக் கட்டுப்படுத்தின. மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் யாரோ சிலர் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து வைத்த எண்கள், நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளீட்டையே மாற்றின.

பனியைக் குழாய்போல் துளைத்தெடுத்தால் பழங்காலத்துக் காற்றுக் குமிழிகள் அதனுள் சிறைப்பட்டிருக்கும். கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிச் செல்லும். பட்டை சீவிய தழும்புகளைப் பார்த்தே ஒரு பால்மரம் எத்தனை ஆண்டு வெட்டு கண்டது என்று அனுபவமுள்ளவர் கூறிவிடுவர் அன்றோ? பனியறிஞரும் அவ்வாறே படிகிறார். இந்தியா எடுத்துவந்த பனித்தண்டுகள் கோவாவிலுள்ள துருவ ஆராய்ச்சி நிலையத்தில், சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரறையில் காக்கப்படுகின்றன. 1998-இல் தொடங்கப்பட்ட அந்நிலையமே இன்று எல்லாக் குழுக்களையும் அனுப்புகிறது.

பனிக்கண்டத்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஐம்பது மீட்டருக்கு மேல் உயரும் என்று கணித்துள்ளனர். அது நாளையோ மறுநாளோ நடப்பதன்று. ஆயினும் அதில் மிகச் சிறு பங்கு உருகினாலும், கேரித் தீவைப் போல் மண்ணணைக்குப் பின்னால் கடலுக்குத் தாழ்வாக நிற்கும் தோட்டங்களின் கதி என்னவாகும் என்பது நினைக்கத்தக்கது. மழையைப் பற்றியும் ஒரு சொல். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைய வரும்படி இல்லை. இந்த மழையைக் கொண்டுவரும் காற்றுகளும் தென்கடல்களின் குளிரும் ஒரே வானமண்டலத்தின் பகுதிகளே. அவற்றின் பிணைப்பு எத்தகையது என்பதை இந்திய விஞ்ஞானிகளும் மலேசிய விஞ்ஞானிகளும் ஆராய்ந்து வருகின்றனர்.

பெட்டிகளால் ஆன பாரதி

மூன்றாம் நிலையமான ‘பாரதி’, மைத்திரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில், லார்ஸ்மன் குன்றுகளில் கடலோரமாக உள்ளது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குள்ள தூரத்தைவிட அது அதிகம். 2012 மார்ச் 18-ஆம் நாள் அது செயற்படத் தொடங்கியது. போர்ட் கிள்ளான் சாலையில் லாரிகள் இழுத்துச் செல்லும் இரும்புக் கொள்கலன்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். அத்தகைய 134 கொள்கலன்களை அடுக்கி இணைத்து, காற்றைக் கிழிக்கும் வடிவில் வெளியோடு போர்த்தி, பாரதியை உருவாக்கினர். கட்டடப் பொருளை ஏற்றிச் சென்ற பெட்டியே கட்டடமாகிவிட்டது.

அவ்விடத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன. இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் பாரதி நிற்கும் கரையும் அப்போது ஒட்டிக் கிடந்தவை என்பர் நிலவியலார். இரு கரைகளின் பாறைகளையும் ஒப்பிட்டு, கிழிந்த தாளின் இரு துண்டுகளைப் பொருத்துவது போல் அவர்கள் பொருத்திப் பார்க்கின்றனர்.

விண்கோள்கள் துருவங்களைக் கடக்கும்போது அனுப்பும் செய்திகளைப் பெறும் பணியும் பாரதியில் நடைபெறுகிறது. அப்பணிக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி என்னும் அம்மையார், தம் ஐம்பத்தாறாம் வயதில், 23 பேர் கொண்ட குழுவில் ஒரே பெண்ணாக, 2016, 2017-ஆம் ஆண்டுகளில் 403 நாள்கள் அங்கே தங்கினார்.

மைத்திரி நிற்கும் நிலம் நார்வே உரிமை கொண்டாடும் பகுதியில் உள்ளது. பாரதி நிற்கும் நிலம் ஆஸ்திரேலியா உரிமை கொண்டாடும் பகுதியில் உள்ளது. ஆனால் இந்தியா அங்கே வீடு கட்ட எவரிடமும் நிலவாடகை செலுத்தவில்லை. உடன்படிக்கையின் பயன் இதுவே.

மலேசியா எழுப்பிய குரல்

இந்தியா உள்ளே நுழைந்த அதே காலத்தில், நம் நாடு வெளியே நின்று வினா எழுப்பியது. 1982-இல் பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் அண்டார்க்டிக்காவைக் குறித்துப் பேசினார். யாருக்கும் சொந்தமல்லாத நிலத்தைச் சில நாடுகள் மட்டும் ஆள்வது முறையன்று, அது மனித குலத்தின் பொதுச்சொத்தாக வேண்டும் என்பது மலேசியாவின் நிலை. 1983-இல் மலேசியாவும் ஆண்டிகுவா-பார்புடாவும் அதைப் பேரவையின் நிகழ்ச்சிநிரலில் சேர்த்தன. 1956-இல் இந்தியா எழுப்ப முயன்று கைவிட்ட அதே பொருள், இந்தியா வாக்குரிமை பெற்ற அதே ஆண்டில், மலேசியாவின் குரலில் பேரவையை அடைந்தது! அந்த விவாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பேரவை உடன்படிக்கையை மாற்றிவிடவில்லை. ஆயினும் உலகின் கண் அங்கே திரும்பியது. கனிமங்களை எடுப்பதற்கு விதிமுறை வகுத்து 1988-இல் உருவான ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமலே ஒழிந்தது. அதற்கு மாறாக, சுரங்கத் தொழிலையே தடைசெய்யும் விதிகள் 1991-இல் மாட்ரிட்டில் ஏற்கப்பட்டு, 1998-இல் நடைமுறைக்கு வந்தன. இவற்றின்படி குப்பையைக்கூட அங்கே விட்டுவர இயலாது; கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

மலேசியாவும் வெறுமனே வாதிட்டு நிற்கவில்லை. 1999-இல் தொடங்கிய ஆராய்ச்சித் திட்டத்தின்கீழ் நம் விஞ்ஞானிகள் நியூசிலாந்தின் ஸ்காட் தளத்திலும், பின்னர் பிற நாட்டு நிலையங்களிலும் பணியாற்றினர். 2011 அக்டோபர் 31-ஆம் நாள் மலேசியா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2012-இல் சுல்தான் மீசான் அண்டார்க்டிக்கா ஆராய்ச்சி அறவாரியம் அமைந்தது. 2016-இல் மாட்ரிட் விதிகளையும் நாடு ஏற்றது. நமக்கென அங்கே நிலையம் இல்லை. உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளையைப் போல் நம் ஆய்வாளர்கள் பிறர் நிலையங்களில் தங்கி ஆராய்ந்து வருகின்றனர்.

இந்தியா இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட குழுக்களை அனுப்பியுள்ளது. முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்த மைத்திரி இன்று மூப்பெய்திவிட்டது. அதற்கு மாற்றாக ‘மைத்திரி-2’ என்னும் புதிய நிலையத்தை அமைக்கும் திட்டம் உருவாகியுள்ளது. தட்சிண கங்கோத்ரியில் 1984-இல் திறக்கப்பட்ட அஞ்சலகம், அந்நிலையம் புதைந்தபோது மைத்திரிக்கு மாற்றப்பட்டது. 2024 ஏப்ரலில் பாரதியிலும் ஓர் அஞ்சலகம் திறக்கப்பட்டது. அங்கிருந்து கடிதம் விரைந்து வராது. அஞ்சல்தலை சேர்ப்போர் கோவாவுக்கு அனுப்பும் உறைகள் கப்பலேறிப் பனிக்கண்டம் சென்று, முத்திரை குத்தப்பட்டு, குழுவினரோடு ஊர் திரும்பி, அதன் பின்னரே உரியவர் கையை அடைகின்றன.